ரூலட்டில் விழுந்த எண்களைக் குறித்துவைத்தால் அடுத்த பந்தயத்தைத் தெரிவு செய்யலாமா?

மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை ஒரு தடவை சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். வார இறுதிகளில் கொள்ளுப்பிட்டியில் ஒரு கசினோவுக்குப் போகிறீர்கள். ரூலட் (எண்ணிட்ட குழிகள் உள்ள சில்லைச் சுழற்றி, பந்து எந்த எண்ணில் விழும் என்று காசு வைக்கும் ஆட்டம்) மேசைகளில் விழும் எண்களைப் போனில் குறித்துக்கொண்டே வந்து 1500 சுற்றுகள் சேர்த்துவிட்டீர்கள். ஒரு பூச்சியம் உள்ள சில்லு, 37 எண்கள். அதில் 29 என்ற எண் 55 தடவை வந்திருக்கிறது, 8 என்ற எண் 27 தடவைதான் வந்திருக்கிறது. இன்னும் எத்தனை சுற்றுக் குறித்தால் நம்பிக் காசு வைக்கலாம், வைப்பதென்றால் அடிக்கடி வந்த 29இலா, வரவேண்டிய 8இலா என்று கேட்கிறீர்கள். எண்களைக் கொடுத்தால் அடுத்த பந்தயத்தைச் சொல்லும் ஆப் ஒன்றை டெலிகிராமில் மாதச் சந்தாவுக்கு விற்கிறார்கள், வாங்கலாமா என்பது இரண்டாவது கேள்வி. கடைசி வரியில், அடுத்த மாதம் எடுக்கப்போகும் சீட்டுக்காசை இதில் போட யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எத்தனை சுற்று என்பது மேலே தெரிகிற கேள்வி. அதற்குள் இருக்கிற கேள்வி, விழுந்து முடிந்த எண்களுக்குள் விழப்போகும் எண்ணைப் பற்றிய தகவல் ஏதாவது இருக்கிறதா என்பதுதான். அதற்குப் பதில் சொன்னால் மற்றவை தானாகத் தெளியும்.

நான் படித்தது புள்ளிவிபரவியல். படித்து முடித்த கையோடு கொழும்பில் ஒரு கசினோவில் சில வருடம் ரூலட் டீலராகவும் பிறகு மேசைகளைக் கண்காணிப்பவனாகவும் வேலை செய்தேன். இப்போது பாடம் எடுக்கிறேன். ஆகவே சில்லைக் கையால் தொட்டுத் தெரிந்ததும் உண்டு, கணக்காகத் தெரிந்ததும் உண்டு. நீங்கள் போகிற மேசையின் சில்லை நான் பார்த்ததில்லை, அதை மனதில் வைத்து வாசியுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. சில்லு பழுதில்லாமல் இருந்தால், முந்தைய எண்களுக்குள் அடுத்த எண்ணைப் பற்றி எதுவும் இல்லை. கொஞ்சம் இல்லை, குறைவாக இல்லை, முழுக்கவே இல்லை. ஒரு சுற்று எப்படி நடக்கிறது என்று கிட்ட நின்று பார்த்தால் இது புரியும். விழுந்த எண்ணின் மேல் டீலர் டொலி என்ற சிறு அடையாளக் கட்டையை வைக்கிறார், தோற்ற சிப்புகளை (காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லைகளை) இழுத்து எடுக்கிறார், வென்றவர்களுக்குக் கொடுக்கிறார், டொலியைத் தூக்குகிறார். பிறகு பந்தைக் குழியிலிருந்து எடுத்து, சில்லு சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் விளிம்போடு சேர்த்து விரலால் தட்டி விடுகிறார். பந்து வேகம் குறைந்து கீழே இறங்கும்போது கிண்ணத்தின் சரிவில் பதித்திருக்கும் உலோகப் புடைப்புகளில் ஒன்றில் மோதும். டீலர்கள் அவற்றை டயமண்ட் என்போம். மோதிய பந்து சிதறி, குழிகளுக்கு நடுவிலுள்ள தடுப்புகளில் இரண்டு மூன்று தடவை துள்ளி, எங்கோ ஒரு குழியில் அடங்கும். இந்த முழு நடப்பிலும் போன சுற்றிலிருந்து இந்தச் சுற்றுக்கு வந்து சேர்வது எதுவும் இல்லை. பத்துத் தடவை கறுப்பு விழுந்தது என்ற செய்தி திரையில் இருக்கிறது, உங்கள் போனில் இருக்கிறது, மேசையைச் சுற்றி நிற்பவர்களின் தலைக்குள் இருக்கிறது. சில்லில் அது பதிந்திருக்க இடமே கிடையாது.

உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர்களுக்கு இது சாரா நிகழ்ச்சிகள் (ஒன்று மற்றொன்றைப் பாதிக்காத நிகழ்ச்சிகள்) என்ற தலைப்பில் வந்திருக்கும். சோதனையில் சரியாகச் செய்தவர்களே மேசையில் வந்து நின்று, மூன்றாவது டசின் (25 முதல் 36 வரையான 12 எண்கள்) தூங்குகிறது, இப்போது எழும்பும் என்று காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு டசின் பத்துச் சுற்று தொடர்ந்து வராமலிருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 50க்கு 1. அரிதுதான். ஆனால் அந்த அரிதான விஷயம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. பதினோராவது சுற்றில் அந்த டசின் வரும் வாய்ப்பு, எப்போதும் போல, 37இல் 12.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், பழைய முடிவுகளைப் பார்த்துப் பந்தயம் வைப்பது எல்லா இடத்திலும் முட்டாள்தனம் அல்ல. கொழும்பில் பெட்டிங் சென்டருக்குப் போகிறவர் ஒரு குதிரையின் கடைசி ஐந்து ஓட்டங்களைப் பார்க்கிறார் என்றால் அதில் நியாயம் இருக்கிறது. அதே குதிரை, அதே கால்கள், அதே வயது. போன மாதத்து ஓட்டம் இந்த மாதத்து ஓட்டத்தைப் பற்றி ஏதோ சொல்கிறது. அந்தப் புத்தியை ரூலட்டுக்குக் கொண்டுவந்தால்தான் பிழைக்கிறது. லொத்தர் சீட்டில் கனநாளாக வராத இலக்கத்தைத் தேடி வாங்குவதும் இதே பிழைதான்.

“நீண்ட காலத்தில் எல்லா எண்ணும் சமமாக வரும் என்று நீங்கள்தானே படிப்பிக்கிறீர்கள், அப்படியென்றால் 8 தன் குறையை ஈடுசெய்யத்தானே வேண்டும்?” என்று மாணவர்கள் கேட்பார்கள். உங்கள் கேள்விக்கு அடியிலும் இதுதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பதில்: ஈடுசெய்ய வேண்டியதில்லை. 8 இப்போது சராசரியை விட 13 தடவை பின்னால் நிற்கிறது. இனி வரும் ஒரு லட்சம் சுற்றில் அது எல்லா எண்களையும் போலவே வந்தால், அந்த 13 தடவைக் குறை அப்படியே இருக்கலாம், கூடவும் செய்யலாம். ஆனால் ஒரு லட்சத்துக்கு முன்னால் 13 என்பது கண்ணுக்கே தெரியாது. சமமாவது விகிதம். எண்ணிக்கையில் உள்ள வித்தியாசம் சமமாக வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. சுற்றுகள் கூடக்கூட விகிதம் சமமாகும் என்ற பெரிய எண்களின் விதி பழைய கடனைத் திருப்பிக் கொடுப்பதில்லை, புதிய சுற்றுகளைக் குவித்துப் பழையதை அமுக்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

1913 ஆகஸ்ட் 18ஆம் தேதி மொன்டே கார்லோ கசினோவில் கறுப்பு தொடர்ந்து 26 தடவை விழுந்தது. பதினைந்து தாண்டியதும் மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. எல்லோரும் இனிச் சிவப்புத்தான் என்று மேலும் மேலும் பெரிய தொகைகளை வைத்துக்கொண்டே போனார்கள், கசினோ மில்லியன் கணக்கில் அள்ளியது. ஒரே நிறம் 26 தடவை தொடர்ந்து வரும் வாய்ப்பு ஏறக்குறைய 6 கோடியே 84 லட்சத்துக்கு 1. ஆனால் 25 கறுப்பைப் பார்த்து முடித்தவருக்கு இருபத்தாறாவது கறுப்பின் வாய்ப்பு, 37 எண்களில் 18 கறுப்பு என்பதால், 37இல் 18தான். அன்று அங்கே நின்றவர்கள் எண்களைச் சரியாகத்தான் குறித்துக்கொண்டிருந்தார்கள். குறித்ததிலிருந்து எடுத்த முடிவுதான் அவர்களை அழித்தது.

இனி உங்கள் 1500 சுற்றுக்கு வருவோம். 37ஆல் பிரித்தால் ஒவ்வொரு எண்ணும் சராசரியாக 40.5 தடவை வரவேண்டும். இதில் நியம விலகல், அதாவது தற்செயலால் சராசரியிலிருந்து வழக்கமாக ஏற்படும் ஏற்ற இறக்கம், 6.3 அளவில் வரும். ஒரு குறிப்பிட்ட எண்ணை முன்கூட்டியே தெரிவு செய்துவிட்டுப் பார்த்திருந்தால், 55 என்பது கொஞ்சம் புருவத்தை உயர்த்த வைக்கும். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. 37 எண்களையும் எண்ணிவிட்டு, எது மேலே நிற்கிறதோ அதைக் காட்டுகிறீர்கள். துளிப் பழுதும் இல்லாத சில்லில் 1500 சுற்றுக் குறித்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேலான தடவைகளில் ஏதோ ஒரு எண் 55 தடவை அல்லது அதற்கு மேல் வந்துதான் இருக்கும். அது 29 ஆக இருக்கலாம், 14 ஆக இருக்கலாம். நீங்கள் போட்டிருந்த முழு அட்டவணைக்கும் கைவர்க்கப் பரிசோதனை (எண்ணிக்கைகளில் உள்ள வித்தியாசம் தற்செயலுக்கு மிஞ்சியதா என்று பார்க்கும் கணக்கு) செய்து பார்த்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் வந்த தடவையிலிருந்து 40.5ஐக் கழித்து, வர்க்கித்து, 40.5ஆல் பிரித்து, அப்படிக் கிடைக்கும் 37 விடைகளையும் கூட்டினால் முடிந்தது. சீரான சில்லில் இந்தக் கூட்டுத்தொகை 36 அளவில் வரும். 51ஐத் தாண்டினால்தான் சந்தேகப்படத் தொடங்கலாம். உங்களுடையது 41. உங்கள் அட்டவணையில் சில்லின் பழுதுக்கு அடையாளம் இல்லை.

குறுகிய பதிவுகளில் இது இன்னும் மோசம். 37 சுற்றுச் சுற்றினால் 37 எண்ணும் ஒவ்வொரு தடவை வரும் என்று மனம் எதிர்பார்க்கிறது. உண்மையில் 23 அல்லது 24 எண்கள்தான் வரும், 13 எண்கள் தலைகாட்டவே மாட்டா. 100 சுற்று முடிந்த பிறகும் இரண்டு எண்கள் ஒரு தடவைகூட வராமலிருப்பது சாதாரணம். அதே 100இல் ஒன்றிரண்டு எண்கள் ஆறு தடவை அல்லது அதற்கு மேல் வந்திருப்பதும் சாதாரணம். மேசைக்கு மேலே திரையில் சூடான எண், குளிர்ந்த எண் என்று காட்டுகிறார்களே, அதில் நீங்கள் பார்ப்பது இதைத்தான். அந்தத் திரையைக் கசினோ தன் சொந்தச் செலவில் மாட்டிவைக்கிறது, எழுத பேனையும் தாளும் இலவசமாகக் கொடுக்கிறது. அதனால் கசினோவுக்கு ஒரு சதமாவது நட்டம் வருமென்றால் அன்றே கழற்றியிருப்பார்கள். எங்கள் வேலைக்காலத்தில் திரை பழுதாகிப்போன மேசைக்கு ஆட்கள் வரமாட்டார்கள். அடுத்த பந்தயத்துக்கு ஒரு காரணம் கிடைத்தால்தான் மனிதன் காசு வைக்கிறான், திரை அந்தக் காரணத்தைக் கொடுக்கிறது.

எழுந்தமானமாக வருவது எப்படி இருக்கும் என்பது பற்றி எங்கள் எல்லோருக்கும் தலைக்குள் ஒரு தவறான படம் இருக்கிறது. 1890களில் கார்ள் பியர்சன், நவீன புள்ளிவிபரவியலை அமைத்தவர்களில் ஒருவர், மொன்டே கார்லோ முடிவுகளைப் பிரசுரித்த ஒரு பத்திரிகையிலிருந்து எண்களை எடுத்து ஆராய்ந்தார். நிறங்கள் வரவேண்டியதை விட மிக அடிக்கடி மாறி மாறி வந்திருந்தன.  ஒரு நேர்மையான சில்லில் அப்படி வரவே முடியாது என்று எழுதினார். பத்திரிகைக்காரர்கள் மேசைப் பக்கம் போகாமல் தாங்களே எண்களை இட்டு நிரப்பியதுதான் காரணம் என்று பின்னால் சொல்லப்பட்டது. என் வகுப்பில் பிள்ளைகளிடம் நாணயத்தைச் சுண்டாமல் 100 முடிவுகளைக் கற்பனையாக எழுதச் சொன்னால் இதே கதைதான். ஒரே பக்கம் நாலு தடவைக்கு மேல் தொடர்ந்து எழுதப் பயப்படுவார்கள். நிஜமாகச் சுண்டினால் 100இல் ஐந்தோ அதற்கு மேலோ தொடர்ந்து வராமல் போவதுதான் அபூர்வம். ஆகவே நிஜமான எழுந்தமானத்தைப் பார்க்கும்போது அதில் ஏதோ ஒழுங்கு இருப்பதாக எங்களுக்குத் தோன்றுகிறது. உங்கள் கண் பழுதென்று சொல்லவில்லை. எல்லாருடைய கண்ணும் அப்படித்தான்.

சரி, சில்லு பழுதாக இருந்தால்? இங்கேதான் நீங்கள் குறித்துவைப்பதற்கு ஒரு உண்மையான வேலை இருக்கிறது. பதிவேடு அடுத்த எண்ணைச் சொல்லாது, சில்லைப் பற்றிச் சொல்லலாம். இதை வைத்து வென்றவர்கள் வரலாற்றில் இருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் யோர்க்‌ஷயரிலிருந்து வந்த ஜோசப் ஜாகர், ஆட்களைக் கூலிக்கு வைத்து மொன்டே கார்லோ சில்லுகளின் எண்களை எழுதுவித்து, கோணல் இருந்த ஒன்றைக் கண்டுபிடித்துப் பெரும் தொகை வென்றார். 1947இல் அல்பர்ட் ஹிப்ஸ், ரோய் வோல்ஃபோர்ட் என்ற இரண்டு மாணவர்கள் அமெரிக்காவின் ரீனோ நகரில் அதையே செய்தார்கள். 1990களின் தொடக்கத்தில் கொன்ஸாலோ கார்சியா பெலாயோ என்ற ஸ்பானியர் குடும்பத்தோடு மட்ரிட் கசினோவில் ஆயிரக்கணக்கான சுற்றுகளைக் குறித்து, கணினியில் போட்டுப் பார்த்து, சாய்வு இருந்த எண்களில் வைத்து வென்றார். கசினோ அவரைத் தடுத்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2004இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. இந்தக் கதைகளைத்தான் ஆப் விற்பவர்கள் முன்னால் வைக்கிறார்கள். இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் இவர்களில் ஒருவர்கூட வராத எண்ணில் வைக்கவில்லை. எல்லோரும் அதிகம் வந்த எண்ணில்தான் வைத்தார்கள்.

ஆகவே 29ஆ 8ஆ என்ற உங்கள் கேள்விக்கு ஒரு நேரான பதில் இருக்கிறது. சில்லு சீராக இருந்தால் இரண்டும் ஒன்றுதான், எதில் வைத்தாலும் ஒரே நட்டம். சில்லு பழுதாக இருந்தால் 29இல் வைப்பதில் ஏதோ நியாயம் இருக்கலாம், 8இல் வைப்பது நிச்சயமாகப் பிழை. வரவேண்டிய எண் என்று தேடி வைப்பது எந்தச் சில்லிலும், எந்த ஊரிலும் சரியாக இருக்க முடியாது. இருபது சுற்றாக வராததைத் தேடிச் சொல்லும் ஆப் எதுவாக இருந்தாலும், அதைச் செய்தவருக்கு இந்த அடிப்படையே தெரியவில்லை, அல்லது தெரிந்துகொண்டே விற்கிறார்.

அப்படியானால் 29இல் நம்பி வைக்க எவ்வளவு குறிக்க வேண்டும்? ஒரு எண்ணில் வென்றால் 1க்கு 35 கொடுப்பார்கள். 37 எண்ணிலும் நூறு நூறு ரூபா வைத்தால் 3,700 போகும், உங்கள் பந்தயக் காசோடு சேர்த்து 3,600 திரும்பி வரும். அந்த நூறுதான் கசினோவின் 2.7 வீதம். உங்களுக்கு இலாபம் வரவேண்டுமென்றால் அந்த எண் 36 சுற்றுக்கு ஒரு தடவைக்கு மேல் வரவேண்டும். நல்ல பழுதுள்ள சில்லில் ஒரு எண் 33க்கு ஒரு தடவை வருகிறது என்று வைப்போம். 3,700 சுற்றில் அது 112 தடவை வரும், சராசரி 100. ஆனால் பழுதே இல்லாத சில்லிலும் முதலிடத்தில் நிற்கும் எண் 120 அளவுக்குப் போகும். ஆகவே எது பழுது, எது தற்செயல் என்று பிரிக்கவே முடியாது. 37,000 சுற்றுக்குப் போனால் அது 1,120 தடவை வரும், சீரான சில்லில் முதலிட எண் 1,065 அளவில் நிற்கும். அங்கேதான் வித்தியாசம் தெளிவாகத் தெரியத் தொடங்கும். மணிக்கு 40 சுற்று என்று பார்த்தால் 925 மணித்தியாலம். வாரத்துக்குப் பத்து மணித்தியாலம் போகும் உங்களுக்கு ஏறக்குறைய இரண்டு வருடம்.

அந்த இரண்டு வருடமும் அதே சில்லு, அதே நிலையில் இருக்க வேண்டும். நான் வேலை செய்த இடத்தில் சில்லை லெவல் வைத்துப் பார்ப்பதும், தடுப்புகள் ஆடுகின்றனவா என்று தட்டிப் பார்ப்பதும், பந்தை மாற்றுவதும் வழக்கமான வேலைகள். ஒரு மேசையின் சில்லை இன்னொரு மேசைக்கு மாற்றினால் வாடிக்கையாளருக்குத் தெரியவராது. நீங்களோ மூன்று மேசைகளில் எடுத்ததையும், வீட்டில் போனில் பார்த்த நேரலை மேசையில் எடுத்ததையும் ஒன்றாகக் கூட்டியிருக்கிறீர்கள். நாலு சில்லின் எண்களைக் கலந்தால் ஒன்றில் பழுதிருந்தாலும் அது மறைந்துவிடும். இன்னொன்று, இன்றைய சில்லுகளில் பந்து எங்கே விழுந்தது என்பதை உணரி தானாகப் பதிவு செய்கிறது. நீங்கள் சேர்க்கும் எண்கள் எல்லாம் கசினோவிடம் பல மடங்காக ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு சில்லு சாய்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளப் போவது அவர்கள்தான். பழுதுள்ள சில்லே கொழும்பில் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அதை நீங்கள் கண்டுபிடித்து, உறுதிசெய்து, அதில் உழைக்கும் வரை அது அங்கே இருக்காது என்றுதான் சொல்கிறேன்.

டீலரின் கைப்பழக்கத்தைப் பிடித்துவிடலாம், ஒரே வேகத்தில் விடுபவரின் பந்து ஒரே பகுதியில் விழும் என்று மேசையில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். இதைச் சந்தேகமான பட்டியலில் வைக்கிறேன். ஒரே மாதிரி விடும் கை சிலருக்கு இருப்பது உண்மை. நீண்ட நேரம் நின்றால் உடம்பு இயந்திரம் போலாகிவிடும். ஆனால் சில்லின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மாறும், பந்து டயமண்டில் பட்ட பிறகு அந்தக் கை எதையும் தீர்மானிப்பதில்லை. வேண்டுமென்றே ஒரு பகுதியில் விழுத்த முயன்ற டீலர்கள் என்னோடு வேலை செய்திருக்கிறார்கள், ஆளில்லாத மேசையில் விளையாட்டாக. முடிந்ததாக நான் காணவில்லை. இதிலிருந்து வேறுபட்டது, ஓடிக்கொண்டிருக்கும் பந்தின் வேகத்தை அந்தச் சுற்றிலேயே அளந்து கணிப்பது. அது இயற்பியல், நடக்கக்கூடியது. அமெரிக்கக் கணிதவியலாளர்களான எட்வர்ட் தோர்ப்பும் க்ளோட் ஷனனும் 1961இல் உடம்பில் மறைத்துக் கட்டக்கூடிய ஒரு சிறு கணினியை இதற்காகவே செய்தார்கள். 2004இல் லண்டன் ரிட்ஸ் கசினோவில், லேசர் கருவி பயன்படுத்தியதாகச் சொல்லப்பட்ட மூவர் 13 லட்சம் பவுண் வென்றார்கள், பொலிஸ் பிடித்து விசாரித்துவிட்டுக் காசோடு விட்டது. கவனியுங்கள், இவர்கள் யாரும் பழைய எண்களைப் பார்க்கவில்லை. அந்தக் கருவிகளுக்கு நெவாடா மாநிலம் 1985இலேயே தடை போட்டது. எந்தக் கசினோவிலும் அதோடு பிடிபட்டால் வெளியே போடுவார்கள்.

“ஆனால் என் சிநேகிதன் குறித்துவைத்து விளையாடித்தான் இந்த வருடம் முன்னால் நிற்கிறான்” என்று எழுதியிருந்தீர்கள். நம்புகிறேன். சிவப்பு கறுப்பு மாதிரியான பந்தயத்தில் சுற்றுக்கு 500 ரூபா வைத்து 4,000 சுற்று விளையாடினால் சராசரி நட்டம் 54,000 ரூபா, முன்னால் நிற்பவர் 20 பேரில் ஒருவர்கூட வராது. ஆனால் தனி எண்ணில் அதே 500ஐ அதே 4,000 சுற்று வைத்தால், சராசரி நட்டம் அதே 54,000தான் என்றாலும், ஏற்ற இறக்கம் மிகப் பெரிது. 100 பேரில் ஏறக்குறைய 37 பேர் முன்னால் நிற்பார்கள். 4,000 சுற்று என்பது 100 மணித்தியாலம். அவ்வளவு நேரம் விளையாடிவிட்டு முன்னால் நிற்கும் ஒருவர் தன் கொப்பிதான் காரணம் என்று நினைப்பது இயல்பு. கொப்பி இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு வைத்தவர்களிலும் அதே 37 பேர் இருக்கிறார்கள். எண்ணைக் குறிப்பவர்கள் தனி எண் பந்தயத்தை விரும்புகிறார்கள், அந்தப் பந்தயமோ உண்மையை நீண்ட காலம் மறைத்துவைக்கிறது. இந்த நம்பிக்கை சாகாமல் இருப்பதற்கு நான் கண்ட முக்கியமான காரணம் இது. தோற்ற 63 பேர் தங்கள் கதையைச் சொல்ல வருவதுமில்லை.

தோற்றால் இரட்டிப்பது பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். 500இல் தொடங்கி எட்டுத் தடவை தொடர்ந்து தோற்றால் போனது 1,27,500 ரூபா. ஒன்பதாவதாக 1,28,000 வைத்தால் வெல்லப்போவது அதே 500. எட்டுத் தொடர் தோல்வி ஏறக்குறைய 207 முயற்சிக்கு ஒரு தடவை வரும். மற்ற 206 முயற்சியிலும் சேர்த்தது 1,03,000. அதற்கு முன்னாலேயே மேசையின் உச்ச வரம்பு உங்களை நிறுத்திவிடும்.

ஆப் வாங்காதீர்கள். மேலே சொன்ன காரணத்தால் அது கணிக்க முடியாததைக் கணிப்பதாகச் சொல்கிறது. குழுவில் போடும் வெற்றிப் படங்களை நம்பவேண்டாம். பாதிப் பேருக்குச் சிவப்பு, பாதிப் பேருக்குக் கறுப்பு என்று அனுப்பினால் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சரியாக வரும். ஐந்து தடவை தொடர்ந்து சரியாகக் கிடைத்தவர் அதைச் சத்தியமாக நம்பி மற்றவர்களையும் கூட்டிவருவார். அவர்கள் தரும் இணைப்பு வழியாக ஒன்லைன் கசினோவில் சேர்ந்தால், பல இடங்களில் நீங்கள் தோற்கும் காசில் ஒரு பங்கு அந்த இணைப்பைத் தந்தவருக்குப் போகிறது. நேரலை மேசை இல்லாமல் திரையில் மட்டும் சுழலும் ரூலட்டில் சில்லே கிடையாது, எண்ணைத் தருவது ஒரு மென்பொருள். பழுதான தடுப்பு, சாய்ந்த மேசை என்று தேட அங்கே ஒன்றுமில்லை.

விளையாடத்தான் போகிறீர்கள் என்றால், செலவைக் குறைக்கும் விஷயங்கள் சில உண்டு. இரண்டு பூச்சியம் உள்ள மேசையில் உட்காராதீர்கள், அங்கே கசினோவின் பங்கு 5.26 வீதம், ஒரு பூச்சிய மேசையில் 2.70. பூச்சியம் விழுந்தால் சிவப்பு கறுப்புப் பந்தயத்தில் பாதியைத் திருப்பித் தரும் விதி எங்காவது இருந்தால் அது 1.35க்கு இறங்கும், கேட்டுப் பாருங்கள். மெதுவான மேசை நல்லது. ஆட்கள் நிறைந்த மேசையில் மணிக்குச் சுற்றுகள் குறைவு. எங்கள் நாட்டுக் குடிமக்கள் உள்ளே போக டொலர் கணக்கில் கட்டும் நுழைவு வரியையும் உங்கள் இலாப நட்டக் கணக்கில் எழுதுங்கள், நீங்கள் அனுப்பிய அட்டவணையில் அது இல்லை.

சீட்டுக்காசை இதில் போடாதீர்கள். அந்தச் சீட்டை எடுத்த பிறகும் மிச்ச மாதங்களுக்குக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காசு மேசையில் போனால், இல்லாத காசுக்கு மாதா மாதம் கட்டுவீர்கள். போனதைப் பிடிக்க இன்னொரு சீட்டு, பிறகு நகை அடகு என்று போனவர்களை மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன், அவர்களில் பலர் உங்களைப் போல ஒழுங்காகக் குறிப்பெடுத்தவர்கள். போகாமல் இருக்க முடியவில்லை, வீட்டில் மறைக்க வேண்டியிருக்கிறது என்ற நிலை வந்திருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு அழைத்துக் கதையுங்கள். எண்களைக் குறிப்பதில் உங்களுக்கு இருக்கும் பொறுமை எனக்கு உண்மையாகவே பிடித்திருக்கிறது. அந்த 1500ஐயும் மேசை வாரியாகப் பிரித்து, நேரலையில் எடுத்ததைத் தனியாக வைத்து அனுப்பினால், ஒவ்வொன்றுக்கும் கைவர்க்கப் பரிசோதனையை எப்படிச் செய்வது என்று படிப்படியாக எழுதித் தருகிறேன்.